விளக்கின் விலை: யாழ்ப்பாணத்து எரிபொருளும் கிணறுகளும்

வாப்பாவின் கடை ஸ்ரான்லி வீதியில் இருந்தது. இரும்புச் சாமான்களோடு நீர் இறைக்கும் மெசின்களுக்கான உதிரிப்பாகங்களும் விற்றார். கோண்டாவில், இணுவில், சுன்னாகம், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துக் கமக்காரர்கள் காலையிலேயே சைக்கிளில் வந்துவிடுவார்கள். அவர்களிடம் வாப்பா முதலிற் கேட்பது, "அண்ணை, தண்ணி எத்தினை முழத்தில நிக்குது?" என்பதுதான். "இறங்கிப் போச்சு நானா" என்று அவர்கள் சொல்வார்கள். சிறுவனாயிருந்த எனக்கு அது சுகம் விசாரிக்கும் ஒரு முறை என்றே தோன்றியது. அது ஒரு வியாபாரக் கேள்வியும்கூட என்பது பின்னர்தான் விளங்கியது. நீர்மட்டம் இறங்கினால் மெசின் கூடுதலாக ஓட வேண்டும். ஓடினால் மண்ணெண்ணெய் கூடச் செலவாகும், உதிரிப்பாகமும் தேயும். கிணற்றின் ஆழத்துக்கும் எண்ணெயின் விலைக்கும் எங்கள் கடையின் கல்லாப்பெட்டிக்கும் இடையே ஒரு தொடர்பு இருந்தது.

அந்தத் தொடர்பைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன். எரிபொருளுக்கு நாம் கடையிற் கொடுக்கும் காசு அதன் முழு விலையன்று. மீதியை வேறெவரோ, வேறெங்கோ, வேறொரு காலத்திற் கொடுக்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை அந்த மீதியைப் பெரும்பாலும் கிணறுகளே கொடுத்து வந்திருக்கின்றன.

துலாவும் மெசினும்

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்று உண்டு. வடகீழ்ப் பருவமழை நிலத்துள் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகிறது. கீழே உவர்நீர், அதன்மேல் மிதக்கும் நன்னீர். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலின் பழைய விதி. மேலே ஓரடியை இழந்தால் கீழிருந்து நாற்பது அடி உவர் ஏறும் என்பது அதன் மறுபக்கம்.

துலாக் காலத்தில் இந்த விதி எவருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை. துலாவில் ஏறி நடப்பவர் ஒருவர், பட்டை பிடிப்பவர் ஒருவர், வாய்க்காலில் தண்ணீர் கட்டுபவர் ஒருவர். அதிகாலையில் தொடங்கினால் வெயில் ஏறுமுன் உடல் ஓய்ந்துவிடும். மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இறைப்பின் விலை இறைப்பவனின் தோளிலேயே விழுந்தது. அதனால் எவரும் வேண்டியதற்கு மேல் இறைக்கவில்லை.

1950களிலிருந்து மண்ணெண்ணெய் மெசின்கள் பரவின. தோளில் விழுந்த பாரம் எண்ணெய்த் தாங்கிக்கு மாறியது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் துலா மிதித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதற்கு அந்த மெசின்களும் ஒரு காரணம். 1970க்கும் 1977க்கும் இடையில் அன்றைய அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் காசு புழங்கியது. அதே காலத்தில்தான், 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாக்கியதைத் தொடர்ந்து, சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் மசகெண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. ஆனால் மண்ணெண்ணெய் ஏழையின் எரிபொருள் என்பதால் அரசுகள் அதன் விலையைத் தாங்கிப் பிடித்தன. 1979இல் உணவு முத்திரையோடு மண்ணெண்ணெய் முத்திரையும் வழங்கப்பட்டதை எங்கள் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

மானியம் ஏழையின் குடிசைக்கு வெளிச்சம் தந்தது, அது நியாயம். அதே மலிவு, தோட்டத்திற் பகல் முழுவதும் மெசினை ஓடவிட்டது. இறைத்த தண்ணீரோடு இரசாயன உரமும் மீண்டும் நிலத்துக்குள் இறங்கியது. கரையோரக் கிணறுகள் உவராகத் தொடங்கின. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மீறி இருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வந்திருக்கிறார்கள். ஒருவரது கொடுக்கல் வாங்கலில் அதற்குச் சம்பந்தமில்லாத மூன்றாமவர் மீது விழும் செலவைப் பற்றி ஆதர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920இலேயே நூலெழுதினார். அந்தச் செலவை விலைக்குள் கொண்டுவராத சந்தை பொய்க்கணக்கு எழுதுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். புன்னாலைக்கட்டுவன் கமக்காரர் அதை "இறங்கிப் போச்சு நானா" என்ற மூன்று சொல்லில் வாப்பாவிடம் சொல்லியிருந்தார்.

இருட்டின் சந்தை

இலங்கையின் மின்சார வரலாற்றை எழுதுபவர்கள் டி. ஜே. விமலசுரேந்திரவிலிருந்து தொடங்குவது வழக்கம். மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுப்பதன் பொருளாதாரம் பற்றி அவர் 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை படித்தார். அவர் கனவு கண்ட லக்ஸபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. மலையில்லாத வடக்கின் கதை வேறு. சுன்னாகத்தில் எண்ணெயை எரித்தே மின்சாரம் எடுத்தார்கள். தெற்கின் மின்வலையமைப்பு குடாநாட்டை எட்டியது பின்னர்தான்.

1990 யூனில் போர் மறுபடி மூண்டதும் அந்த இணைப்பு அறுந்தது. மின்சாரத்தோடு பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாகத் தடைப்பட்டியலுக்குள் போயின. அதே ஓகஸ்ட் மாதத்தில் ஈராக் மீது ஐக்கிய நாடுகள் சபை பொருளாதாரத் தடை விதித்தது. எண்ணெய்க் கடலின்மேல் இருந்த நாட்டையும் எண்ணெயே இல்லாத எங்கள் குடாநாட்டையும் ஒரே வருடத்தில் ஒரே வகை ஆயுதம் தாக்கியது. தடை போடுபவரின் கண் போராளிகள் மேல் இருக்கலாம். ஆனால் அடி விழுவது அடுப்படியில் இருக்கும் பெண்ணின் மேல்தான்.

அந்த நாட்களில் பிறந்ததுதான் 'சிக்கன விளக்கு'. வெறும் ஜாம் போத்தல், அதன் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவு மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் செருகிய ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. மோட்டார் சைக்கிள்களைத் துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மெசின்கள் ஓய்ந்தன, தோட்டங்கள் சுருங்கின. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990இலேயே நின்றது. மண்ணெண்ணெயின் விலை பல மடங்கு ஏறியது. தட்டுப்பாட்டின் உண்மையான விலை அது என்று பொருளியற் பாடப்புத்தகம் சொல்லக்கூடும். ஆனால் அந்தத் தட்டுப்பாடு வானம் பொய்த்ததால் வந்ததல்ல, ஒரு மேசையில் எழுதிக் கையொப்பமிட்டதால் வந்தது. விலையும் ஓர் அரசியல் முடிவாக இருக்கலாம் என்பதை நான் கற்றது அங்கேதான்.

சிக்கன விளக்கை நான் நான்கு மாதங்களே பார்த்தேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். வடமாகாணத்திலிருந்து அவ்வாறு வெளியேறியவர்கள் எழுபதினாயிரத்துக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அது பற்றி நம்மவர் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் இங்கு விரிக்கவில்லை. கடைத் திறப்பை வாப்பா இடுப்பு வாரோடு கட்டியிருந்தார் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கல்பிட்டிக் குடாநாட்டில், ஆலங்குடாவுக்கு அண்மையில் ஒரு தென்னந்தோட்டத்திற் கிடுகுக் கொட்டில் போட்டோம். முதல் வேலையாக ஒரு கிணறு வெட்டினோம். மணல், ஆழமில்லாத நன்னீர், சுற்றிவரக் கடலும் களப்பும், வெங்காயமும் மிளகாயும். வாப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இதுவும் எங்கட ஊர் மாதிரித்தான். கவனமா இறைக்கவேணும்" என்றார்.

சுன்னாகத்துக் கிணறுகள்

போர் 2009 மேயில் முடிந்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் உடனே வேண்டியிருந்தது, தெற்கிலிருந்து மின்கம்பி இன்னும் வந்து சேரவில்லை. இப்படியான அவசரத்தில் அரசுகள் வழக்கமாகச் செய்வது, தனியார் கம்பனியொன்றிடமிருந்து அலகுக் கணக்கில் மின்சாரத்தை வாங்குவது. சுன்னாகத்தில் நொதேர்ன் பவர் கம்பனியின் எண்ணெய் மின்நிலையம் அந்த வருடம் இயங்கத் தொடங்கியது. இலங்கை மின்சார சபையின் 24 மெகாவாற் 'உதுரு ஜனனி' 2013இல் அதே ஊரில் திறக்கப்பட்டது.

இப்படியான ஒப்பந்தங்களில் அலகு ஒன்றின் விலை எழுதப்பட்டிருக்கும். எண்ணெய் விலை ஏறினால் யார் பொறுப்பு, இயந்திரம் நின்றால் யார் பொறுப்பு என்பவையும் இருக்கும். கழிவு எண்ணெய் நிலத்துள் இறங்கினால் அயலவரின் கிணற்றுக்கு யார் பொறுப்பு என்பது விலைக்குள் வருவதில்லை. அதற்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் என்ற தனிக் கடதாசி உண்டு. கணக்குப் புத்தகம் ஓர் அலுவலகத்தில், அனுமதிப்பத்திரம் வேறோர் அலுவலகத்தில். கிணறு இரண்டிலும் இல்லை.

சில வருடங்களில் சுன்னாகம், மல்லாகம், ஏழாலை போன்ற ஊர்களிலிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. தண்ணீரில் எண்ணெய்ப் படலம், எண்ணெய் மணம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் எண்ணெய் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தது. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் தலையீட்டோடு தனியார் மின்நிலையத்தின் இயக்கம் நின்றது. பவுசர்களில் தண்ணீர் வந்தது. பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவு வேறு ஆய்வுகளோடு ஒத்துப்போகவில்லை. போரில் சேதமுற்ற பழைய தாங்கிகளிலிருந்து சிந்திய எண்ணெயே இது என்ற வாதமும் எழுந்தது. நிபுணர்கள் வாதிட்ட நாட்களிலெல்லாம் தாய்மார் குழந்தைக்குப் பால் கரைக்க வேண்டியிருந்தது.

வாப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டுக்கு அக்காலத்தில் போயிருந்தேன். அவர் காலமாகிவிட்டார், மகன் இருந்தார். வாளியில் அள்ளிக் காட்டினார். வெயிலில் தண்ணீரின்மேல் வானவில் போல ஒரு மினுக்கம். அது எங்கிருந்து வந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் "முந்தியெல்லாம் எத்தினை முழம் எண்டுதான் கேட்பியள். இப்ப முழம் பிரச்சினையில்லை அண்ணை" என்று அவர் சொன்னபோது எனக்கு மறுமொழி வரவில்லை. தண்ணீர் கிணறு நிறைய நின்றது. குடிக்க ஒரு சொட்டு இல்லை.

வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவரான ரவீந்திர குணவர்தன காரியவசம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீர் மாசுக்கு நொதேர்ன் பவர் கம்பனி பொறுப்பாளி என்று கண்ட மன்று, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா செலுத்தப் பணித்தது. மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற கோட்பாட்டை 2000ஆம் ஆண்டின் எப்பாவல பொஸ்பேற்று வழக்கிலேயே நமது உயர் நீதிமன்றம் ஏற்றிருந்தது. அது வடக்கின் கிணற்றடிக்கு வந்து சேரப் பத்தொன்பது வருடங்கள் எடுத்தன. தெற்கைச் சேர்ந்த ஒருவர் வடக்கின் தண்ணீருக்காக வழக்காடினார் என்பதும் நாம் மறக்கக்கூடாத செய்தி.

தீர்ப்பின் பெருமையைக் குறைக்காமலே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2 கோடியை 500 வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 40,000 ரூபா. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க அது உதவும். ஆனால் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுள் இறங்கிய எண்ணெயை எவர் இறைப்பது? அந்த நீர்ப்படுகை ஒரு வீட்டுக்கோ ஊருக்கோ உரியதல்ல, குடாநாட்டுக்கே பொதுச் சொத்து. நீரிலும் நெருப்பிலும் மேய்ச்சல் நிலத்திலும் மக்கள் எல்லோரும் பங்காளிகள் என்ற நபிமொழியின் கருத்தை இந்த இதழின் வாசகருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சுன்னாகத்தில் நடந்தது, நெருப்புக்காக நீரை விற்ற வியாபாரம். அந்த நீரின் பங்காளிகளை எவரும் கேட்கவில்லை.

நிலக்கரியின் திசை

தேசிய மின்வலையமைப்பு மீண்டும் குடாநாட்டை எட்டியபோது எண்ணெய் மின்நிலையங்களின் தேவை குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கம்பியின் மறுமுனை எங்கே இருக்கிறது? மறுமுனைகள் பல. அவற்றுட் பெரியது, நாங்கள் இடம்பெயர்ந்து குடியேறிய அதே கல்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலையில் இருக்கிறது. சீனக் கடனில் கட்டப்பட்ட லக்விஜய நிலக்கரி மின்நிலையத்தின் முதலாவது இயந்திரம் 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற் ஆயிற்று. நாட்டின் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்களவை அது கொடுத்த வருடங்கள் உண்டு. சாம்பல் பற்றியும் மீன்பிடி பற்றியும் அயல் மக்கள் சொன்ன முறைப்பாடுகள் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன.

எண்ணெயை விட நிலக்கரி மலிவு என்றுதான் அதைக் கட்டினார்கள். அலகுக் கணக்கில் அது உண்மை. ஆனால் நிலக்கரி டொலரில் வருகிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் நுரைச்சோலைக் கடலிற் கப்பலிலிருந்து அதை இறக்க முடியாது. ஆகவே வருடத்துக்கான நிலக்கரியைக் குறித்த மாதங்களுக்குள் வாங்கிச் சேர்த்துவிட வேண்டும். 2022இல் டொலர் தீர்ந்தபோது முழு நாடும் யாழ்ப்பாணத்தின் தொண்ணூறுகளைப் பார்த்தது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலான மின்வெட்டு, எரிபொருளுக்கு மைல் கணக்கில் வரிசை. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. பொய்யான மலிவு நீண்டநாள் நில்லாது என்று பொருளியலாளர்கள் சொன்னது சரிதான். ஆனால் குருநகர், நாவாந்துறை மீனவரின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. மானியத்தை நீக்குபவர் முதலில் அந்தப் படகின் வாசலில் நின்று யோசித்திருக்க வேண்டும். உண்மை விலையை அறவிடுவது ஒரு நீதி. அதைத் தாங்க முடியாதவனுக்குக் கைகொடுப்பது இன்னொரு நீதி. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் இரண்டும் கெடும்.

கடலைக் காய்ச்சுதல்

மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் யோசனைக்குக் கிளிநொச்சி விவசாயிகள் உடன்படாததால் எடுத்த வழி இது. சுன்னாகம் மட்டும் இதற்குக் காரணமல்ல. உவரும் நைத்திரேற்றும் பல தசாப்தக் கதை.

கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கக் கனமீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவைப்படுவது வழக்கம். முழுக் கொள்ளளவில் ஓடினால் நாளொன்றுக்கு 72,000 அலகுக்குக் குறையாது. மின்சாரத்துக்காகத் தண்ணீரைக் கெடுத்தோம், இனித் தண்ணீருக்காக மின்சாரத்தை எரிப்போம். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலையின் நிலக்கரியிலிருந்து வரும். மழை இலவசமாகத் தந்ததை மறுபடி காசுக்கு வாங்குகிறோம், மீதி விலையை இன்னொரு குடாநாட்டுக்கு அனுப்புகிறோம்.

காற்றும் வெயிலும் நமக்கு உண்டு. பளைப் பக்கம் 2014ஆம் ஆண்டளவில் நின்ற காற்றாலைகள் இன்றும் சுழல்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் வெயிலும் காற்றும் கலந்த மின்திட்டம் வகுக்கப்பட்டபோது முதலில் அது சீனக் கம்பனியிடம் போனது, இந்தியா ஆட்சேபித்தது, பின்னர் இந்திய நன்கொடையாக மாறி 2024இல் ஒப்பந்தமாயிற்று. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் உள்ள நயினாதீவின் ஒரு மின்குமிழுக்குள் இரண்டு வல்லரசுகள் நுழைந்துவிட்டன. மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலை அதிகம் என்பது ஒரு பக்கத்து வாதம். பறவைகளின் வழித்தடம், வெள்ள வடிகால், தீவின் நிலம் என்பவை மன்னார் மக்களின் வாதம். காற்றுக்கு விலையில்லை, அது நிற்கும் நிலத்துக்கு உண்டு. சுத்தமான மின்சாரமும் அயலவரைக் கேட்காமல் வந்தால் சுன்னாகத்தின் இன்னொரு பதிப்பாகிவிடும்.

பெரிய தீர்வுகளைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கடைக்காரனின் மகனாக ஒன்று மட்டும் சொல்லலாம். மின்நிலையம் ஒன்றுக்கு விலை பேசும்போது அயலிலுள்ள கிணறுகளின் நீரைச் சோதிக்கும் செலவையும், கெட்டால் திருத்தும் செலவையும் அந்த விலைக்குள்ளேயே எழுத வேண்டும். அந்தப் பணத்தை முன்கூட்டியே வைப்பிலிட வைக்க வேண்டும். பட்டியல் சற்றுக் கூடும். கூடட்டும். அப்போதுதான் வெளிச்சத்தை அனுபவிப்பவரே அதன் விலையைக் கொடுப்பார்.

சோனகத் தெருவில் எங்கள் பழைய வீடு கூரையில்லாமல் நின்றது. சில வருடங்களுக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினோம். வாப்பா இல்லை. அவருடைய திறப்புக்குப் பூட்டும் இல்லை. கிணற்றைச் சேறெடுத்து இறைத்த அன்று மாலை, வேலைக்கு வந்த பையன் கயிற்றைப் பிடித்தபடி கேட்டான்: "நானா, எத்தினை முழம் விடட்டும்?"

எட்டு முழத்தில் தண்ணீர் நின்றது. வாளி மேலே வந்ததும் நான் முதலில் அதை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். மினுக்கம் எதுவும் இல்லை. ஒரு வாய் எடுத்தேன். இலேசான உவர். ஆனாலும் ஒரு போத்தலில் அடைத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான், பேரப்பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தேன்.